தாளைப் பார்க்காமல்

மின்விசிறி ஓடினால் தாள் படபடக்கும் என்று மங்கை எழுந்துபோய் அதை நிறுத்திவிட்டு வந்தாள். வந்து முக்காலியில் உட்கார்ந்து, நைட்டியைச் சரிபண்ணிக்கொண்டு, பலகையின் அடிப்பக்கத்தை மடியில் ஊன்றித் தன் பக்கமாகச் சாய்த்து வைத்துக்கொண்டாள். பலகையில் கிளிப் போட்ட பெரிய தாள், கையில் கறுப்பு மார்க்கர். எதிரே பிரம்பு நாற்காலியில் அவள் புருஷன் அறவாழி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கும்பகோணமே சாப்பிட்டுவிட்டுப் படுத்துக் கிடக்கிற நேரம். விசிறி நின்றதும் இத்தனை நேரம் அதன் சத்தத்துக்கு அடியில் கிடந்த சத்தங்களெல்லாம் ஒவ்வொன்றாக மேலே வந்தன. கீழ்வீட்டு டி.வி., பின்கட்டுக் குழாயின் சொட்டு, அவனுடைய சொந்த மூச்சு. மூச்சு இவ்வளவு சத்தமாகவா இருக்கும்? "என்னடா இது, முதல் நாள் ஸ்கூலுக்குப் போற பிள்ளை மாதிரி கழுத்து வரைக்கும் பட்டன் போட்டிருக்கே?" என்றாள். இரண்டு பேரும் ஓவியக் கல்லூரியில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அவன் அம்மா இருந்தவரை அவள் காதுபட வாங்க போங்க, மற்றபடி எப்போதும் டா தான். "படம்னா கொஞ்சம் டீசன்டா இருக்கட்டுமேன்னுதான்." "வேர்த்து ஊத்துது. அவுத்து விடேன்." "இருக்கட்டும் மங்கை." இருக்கட்டும் என்று சொன்ன குரல் சரியாகத்தான் வந்ததா, இல்லை தொண்டையில் எங்கேயாவது இடறியதா? அவள் மார்க்கர் மூடியைப் பல்லால் கழற்றித் தரையில் துப்பினாள். செவ்வாய்க்கிழமை வரைக்கும், என்று அவன் தனக்குள் சொல்லிக்கொண்டான். செவ்வாய்க்கிழமை காலையில் கண்காட்சிக்காரர்களின் வேன் வரும், மங்கையின் படங்களை ஏற்றிக்கொண்டு, மங்கையையும் ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் போகும். அதுவரைக்கும் இந்தக் காலருக்குள் இருக்கிறது காலருக்குள்ளேயே இருந்துவிட்டால் போதும். இடது காதுக்குக் கீழே, தாடை திரும்பிக் கழுத்தில் இறங்குகிற இடத்தில், ஒரு கோலிக்குண்டு. வலியில்லை. வலிக்காததுதான் நல்லதில்லை என்று யாரோ எப்போதோ சொல்லிக் கேட்டிருக்கிறான். வியாழக்கிழமை கருத்தரங்கு என்று பொய் சொல்லித் தஞ்சாவூருக்குப் போனதும், அங்கே ஒரு டாக்டரம்மா ஊசியை விட்டு உறிஞ்சி எடுத்ததும், புதன்கிழமை முடிவு தெரியும் என்றதும் அவனைத் தவிர இந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. வீட்டில் இருப்பதே இரண்டு பேர்.

"ஆரம்பிக்கறேன். அசையாதே," என்றாள், அவள் கண் வந்து அவன் நெற்றியில் உட்கார்ந்தது. உட்கார்ந்தது என்றுதான் சொல்ல வேண்டும், அப்படி ஒரு கனம் அதற்கு. இந்த வரைதலுக்கு விதி ரொம்பச் சுருக்கம். கண் தாளுக்குப் போகக் கூடாது. மார்க்கர் எழும்பக் கூடாது. எதிரே இருக்கிற ஆளை மட்டுமே பார்த்துக்கொண்டு, பிடித்த கோட்டை அறுக்காமல் இழுத்துக்கொண்டே போக வேண்டியது. மூக்கு காதுக்குப் பக்கத்தில் போய் விழலாம், கண் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளலாம், திருத்தக் கூடாது. வகுப்பில் இதை எத்தனை தடவை சொல்லிக்கொடுத்திருக்கிறான்! சுவரில் படத்தைப் பாய்ச்சி, குச்சியால் தொட்டுத் தொட்டு: கண்ணை ஓர் எறும்பு என்று வைத்துக்கொள்ளுங்கள், அது விளிம்போடு ஊர்கிறது, கை அந்த எறும்புக்குக் கட்டுப்பட்டது, மூளைக்கு அங்கே வேலையில்லை. நவீன ஓவியம் செய்த பெரிய காரியமே கையை மூளையிடமிருந்து பறித்ததுதான் என்பான். வண்ணத்தை ஊற்றிப் பார்த்தார்கள், காகிதத்தைக் கிழித்து ஒட்டிப் பார்த்தார்கள், மரப்பலகைமேல் தாளை வைத்துக் கரியால் தேய்த்து மரத்தின் ரேகையையே படமாக்கிப் பார்த்தார்கள், எல்லாம் எதற்கு? தற்செயலுக்கு ஒரு நாற்காலி போட்டுக்கொடுக்க. இதைப் பற்றி ஒரு கட்டுரைகூட எழுதியிருக்கிறான், நாலு பேர் மேற்கோள் காட்டுகிற கட்டுரை. கோடு சிக்கினால் அது சிக்கல் மட்டுமே, அதற்குள் போய் வரைந்தவளின் துக்கத்தையும் வரையப்பட்டவனின் வியாதியையும் தேடுவது ஜோசியக்காரன் வேலை என்று. ஜோசியக்காரன் வேலை! அந்த வரியை எழுதிய அன்றைக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது. மங்கைக்கு வாசித்துக் காட்டினான். அவள் பாகற்காய் நறுக்கிக்கொண்டே கேட்டுவிட்டு, "நல்லாருக்கு வாத்தியாரே. ஆனா நான் வரையும்போது துக்கமாத்தான் இருந்துச்சு," என்றாள். அவ்வளவுதான். மேலே சண்டைகூடப் போடவில்லை. வகுப்பில் பெனடிக்டா என்று ஒரு பெண், கடைசி பெஞ்சு, கையைக்கூடத் தூக்காமல் கேட்டாள்: சார், உட்கார்ந்திருக்கறவருக்கு அப்ப என்ன சார் தோணும்? எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அது கலை வரலாற்றின் கேள்வி இல்லைம்மா என்றான். இதோ தோணுகிறது, பெனடிக்டா. மூக்கு அரிக்கிறது. புருவத்தில் எறும்பு ஊர்கிறது, நிஜ எறும்பே தேவலை, தட்டிவிடலாம். உள்ளே இருக்கிறதெல்லாம் வெளியே எழுதியிருக்கிறதோ என்று இருக்கிறது.

கேட்டவுடன் சரி என்றதுதான் தப்பு. அதை நினைக்க நினைக்க முதுகில் வேர்வை ஒரு கோடாக இறங்கியது. இந்தக் கண்காட்சிப் பட வரிசைக்காக மங்கை வரையாத ஆள் கிடையாது. இஸ்திரி போடுகிற தனபாக்கியம், பால்காரர், கீழ்வீட்டுத் தாத்தா தூங்கும்போது, மார்க்கெட்டில் வாழைப்பூ விற்கிறவள். அவனை மட்டும் வரையவிடவில்லை. எழுதுகிறவன் படத்துக்குள் போகக் கூடாது, போனால் அதைப் பற்றி நேர்மையாகப் பேச முடியாது என்பது அவன் கட்சி. ரொம்பப் பெரிய கட்சி, ஒரே ஒரு உறுப்பினர். நேற்று ராத்திரி சாப்பிடும்போது, எப்போதும் கேட்கிற மாதிரிதான், எப்படியும் மாட்டேன் என்பான் என்கிற அலுப்போடுதான் கேட்டாள்: "கடைசியா ஒண்ணு குறையுது. உட்கார்றியா?" உட்கார்கிறேன் என்று வாய் சொல்லிவிட்டது. அவள் கை சோற்றில் அப்படியே நின்றது. ஏன் சொன்னான்? மாட்டேன் என்றால் பழைய வாதமெல்லாம் பேச வேண்டும், பேசும்போது குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று தனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொண்டான். அதெல்லாம் வெறும் காரணம். அந்த வரிசையில் தானும் இருக்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது, அதுதான் நிஜம். பால்காரருக்கும் வாழைப்பூக்காரிக்கும் கிடைத்த அந்தப் பார்வை, ஒரு தடவை, முழுசாக, தனக்கும். புதன்கிழமைக்கு முன்னால். சே, என்ன நினைப்பு இது. எறும்பு இப்போது நெற்றிப்பொட்டைத் தாண்டிக் காது மடலின் மேல்முனைக்கு வந்திருந்தது. காது. காதிலிருந்து இறங்கினால் அங்கேதான் வரும். காலர் மறைக்கிறதா? கண்ணாடியில் பார்த்தபோது மறைத்தது. ஆனால் அது நின்றுகொண்டு பார்த்தது. உட்கார்ந்தால் காலர் இறங்குமா ஏறுமா? இத்தனை வருஷம் படம் பார்க்கக் கற்றுக்கொடுத்தவனுக்குத் தன் சட்டைக் காலர் ஏறுமா இறங்குமா என்று தெரியவில்லை. மார்க்கர் தாளில் சர்ர் என்று மெதுவாக ஊர்கிற சத்தம். காது மடலின் சுழிக்குள் போகிறது போலிருக்கிறது. போகட்டும். காதுக்குள்ளேயே நாள் பூராவும் சுற்றிக்கொண்டிருக்கட்டும்.

தஞ்சாவூரில் அந்த டாக்டரம்மா ஊசியை உருவியதும் அதிலிருந்த துளியை ஒரு கண்ணாடிச் சில்லில் விட்டு, இன்னொரு சில்லால் ஒரே இழுப்பில் பரப்பினாள். என்ன லாகவம்! ஸ்லைடு. ஸ்லைடு என்றால் அவனுக்கு என்றைக்கும் படம்தான். பழைய புரொஜெக்டர் இருந்த காலத்தில் டப்பா டப்பாவாக அடுக்கி வைத்து, வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்ப்பான். அன்றைக்கும் பழக்கதோஷத்தில் கழுத்தை எக்கிப் பார்த்தான். மங்கலாக ஒரு தீற்றல், நடுவில் கெட்டியாக, ஓரத்தில் கரைந்து. நல்ல தீற்றல். "சார் என்ன பண்றீங்க?" என்றாள் டாக்டரம்மா. "மாடர்ன் ஆர்ட் வாத்தியார்ங்க," என்றான். அவள் சிரித்துவிட்டு, "இதையும் ஒருத்தர் சாயம் போட்டு உக்காந்து பார்ப்பார். ஊதா கலர்ல அழகாத்தான் இருக்கும்," என்றாள். அதற்கப்புறம்தான், பஸ்ஸில், ஜன்னலோரம், பாபநாசம் தாண்டும்போது அது உறைத்தது. யாரோ ஒருவன், பேர் தெரியாதவன், அந்தக் கறையை உட்கார்ந்து படிக்கப் போகிறான். இந்தத் திட்டு ஏன் இங்கே கெட்டியாக இருக்கிறது, இந்த வட்டங்கள் ஏன் இப்படி நெரிசலாக இருக்கின்றன என்று. கறைக்குள் ஓர் ஆளின் கதையைத் தேடப் போகிறான், தேடினால் கிடைக்கவும் கிடைக்கும். கறையில் வாழ்க்கை இல்லை என்று அவனிடம் போய்க் கட்டுரையை நீட்ட முடியுமா? ஜோசியக்காரன் வேலை என்று சொல்ல முடியுமா? ஐயா, அது தற்செயல் ஐயா, தற்செயல் என்று எழுதிக்கொடுங்கள் ஐயா என்று கெஞ்சலாம் வேண்டுமானால். பஸ்ஸில் அவனுக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் இருந்தவர் நகர்ந்து உட்கார்ந்தார். இப்போதும் வருகிறது. உதடு அசைந்திருக்க வேண்டும். "சிரிக்காதே, வாய்ப் பக்கம் இன்னும் வரலை," என்றாள் மங்கை, கண்ணை எடுக்காமல். காது மடல் முடிந்து, அந்தத் தொங்கலுக்கு வந்திருந்தாள். இனி இறக்கம்.

அவள் பார்வை இறங்கியது. மூச்சைப் பிடித்துக்கொண்டான். பிடித்தால் தெரியும் என்று விட்டான். விட்டால் கழுத்து அசையும் என்று மறுபடி பிடித்தான். மங்கையின் கண் சாதாரணக் கண் இல்லை. அவன் அம்மா பக்கவாதத்தில் விழுந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் பேச்சில்லாமல் கிடந்தபோது, எங்கே அரிக்கிறது, எந்தப் பக்கம் புண்ணாகப் போகிறது, தண்ணீரா வெந்நீரா எல்லாவற்றையும் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். பெற்ற பிள்ளை அவன், கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருப்பான், ஒன்றும் தெரியாது. அந்த வருஷங்களில் அவள் ஒரு படம் வரையவில்லை. கேட்டால், வரையாமலா இருக்கேன், பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன் என்பாள். அப்போது அது சும்மா சமாளிப்பு என்று நினைத்தான். அம்மா போன பிறகு மூன்றாம் மாசம், தாளைப் பார்க்காமல் கோடு இழுக்க ஆரம்பித்தாள். தாளைப் பார்க்காமல் பார்த்தே பழகிப்போன கண். அவன் போய் அதற்கு ஐரோப்பாவில் வேர் தேடினான். அந்தக் கண் இப்போது காலர் விளிம்பில். இவளுக்கு இன்றைக்கு அது தெரிந்துபோனால் நாளைக்குக் காலையில் சென்னைக்குப் போன் போய்விடும், படம் எதுவும் வராது, வேன் வேண்டாம், வீட்டில் சுகமில்லை என்று. அப்புறம் அவன் கட்டில், அவள் முக்காலி, இன்னொரு பத்து வருஷம். அதற்குப் பேர் அன்புதான், இல்லை என்று யார் சொன்னார்கள். ஆனால் கண்காட்சி திறக்கிற இந்த வெள்ளிக்கிழமை அவளுக்கு வேண்டும். மண்டபத்தில் விளக்கு போட்டு, நாலு சுவரிலும் அவள் கோடு மட்டும். அதை ஒரு கோலிக்குண்டு தின்னக் கூடாது. நின்றாளா? ஒரு நொடி நின்ற மாதிரி இருந்தது. இல்லை. காலரின் மடிப்பு, மேல் பட்டன், அந்தப் பட்டனின் நாலு ஓட்டைகள். எறும்பு எல்லாவற்றையும் ஏறி இறங்கித் தோளுக்குப் போய்விட்டது. போய்விட்டது! அவனுக்குக் கண்ணில் நீர் வரும்போலிருந்தது. தாண்டிவிட்டான். இனித் தோள், கை, விரல், முடிந்தது. செவ்வாய்க்கிழமை வேன்.

பயம் போனதும் கண்ணுக்குச் சுதந்திரம் வந்தது. அவன் அவளைப் பார்க்க ஆரம்பித்தான். உட்கார்ந்திருக்கிறவனுக்கு வேறு என்ன வேலை? அவள் அவன் தோளைப் பார்க்கிறாள், அவன் அவள் முகத்தைப் பார்க்கிறான், தடுப்பார் இல்லை. கவனம் கூடும்போது நாக்கு நுனி உதட்டோரம் எட்டிப் பார்க்கிற வழக்கம் இன்னும் போகவில்லை. முதல் வருஷம் உருவ வரைதல் வகுப்பில் அதைப் பார்த்துத்தான் பென்சிலைக் கீழே போட்டான். அவன் அப்போது கான்வாசில் ஆற்று மணலைக் கொட்டிப் பசை போட்டு ஏதோ புரட்சி பண்ணிக்கொண்டிருந்தான். மாஸ்டர் வந்து, என்ன தம்பி, வீடு கட்டறியா, கம்பி எப்ப வரும் என்று கேட்டார். வகுப்பே உருண்டது. இவள் மட்டும் சிரிக்காமல் வந்து மணலைத் தொட்டுப் பார்த்தாள். புருவத்துக்கு நடுவில் அந்தச் சின்ன வடு. காதோரம் நரை, தலைக்கு மை போடுவதில்லை. மூக்குத்தி கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, ஏன் இத்தனை நாள் அதைச் சொல்லவில்லை? சாய்ந்தே இருக்கட்டும். இடது கன்னத்தில் வேர்வை இறங்கி நிற்கிறது, துடைக்கக் கை இல்லை, இரண்டு கையும் வேலையில். இதை எங்கேயாவது வைத்துக்கொள்ள வேண்டும். இந்த வேர்வைத் துளியை, இந்த நாக்கு நுனியை. "அறவாழி." "ம்." "என்னை அப்படிப் பாக்காதே." "எப்படி?" மார்க்கர் சத்தம் நிற்கவில்லை. அவள் கண் அவன் முழங்கையில் இருந்தது, முகத்துக்கு வரவில்லை. "வியாழக்கிழமையிலேருந்து பாத்துக்கிட்டிருக்கேன். அடுப்பங்கரையில வந்து நின்னு பாக்கறே. தூங்கறேன்னு நெனைச்சுக்கிட்டுப் பாக்கறே. ஊருக்குப் போறவன் வீட்டைப் பூட்டறதுக்கு முன்னாடி ஒவ்வொரு ரூமா பாப்பானே, அது மாதிரி." காலரை மூடியவனுக்குக் கண்ணை மூடத் தோன்றவில்லையே. பார்க்கப்படுகிறவன் வெறும் பொருள் என்று பக்கம் பக்கமாக எழுதியவன், பொருளுக்கும் இரண்டு கண் உண்டு என்பதை மறந்துபோய் உட்கார்ந்திருந்தான். "சொல்லு," என்றாள். "வாயை அசைக்கலாம். தலையை அசைக்காதே. நானும் கண்ணை எடுக்க மாட்டேன்."

சொன்னான். எப்படி ஆரம்பித்தான் என்று தெரியவில்லை, கருத்தரங்கு இல்லை என்பதில் ஆரம்பித்தான் போலிருக்கிறது, ஷேவ் பண்ணும்போது விரலில் பட்டதற்குத் திரும்பிப் போனான், ஊசி, சில்லு, ஊதாச் சாயம், புதன்கிழமை. முன்னும் பின்னுமாக, ஒரே மூச்சில். நடுவில் அவள் ஒரு கேள்வி கேட்டாள்: "எந்தப் பக்கம்?" "இடது. காதுக்குக் கீழே." "வலிக்குதா?" "இல்லை." மார்க்கர் நின்றுவிடும் என்று எதிர்பார்த்தான். பலகையை வீசிவிட்டு வருவாள் என்று எதிர்பார்த்தான், வந்து காலரைக் கிழிப்பாள் என்று. அவள் கண் அவன் மணிக்கட்டில் இருந்தது, மணிக்கட்டிலேயே இருந்தது, அப்புறம் புறங்கைக்கு நகர்ந்து, நரம்பு நரம்பாக ஏறி இறங்கிக் கட்டைவிரலுக்குப் போனது. இவ்வளவு மெதுவாக அவள் எதையும் வரைந்து அவன் பார்த்ததில்லை. "ஏன்டா சொல்லலை?" "நீ வேனைத் திருப்பி அனுப்பிடுவே." "ஓகோ." "அனுப்ப மாட்டியா?" ஆள்காட்டி விரல். நகம். நடுவிரல். "அனுப்பியிருப்பேன்," என்றாள். குரல் சமமாகத்தான் வந்தது, நாக்கு நுனி மட்டும் உள்ளே போய்விட்டது. "மங்கை, நான் சொல்றதைக் கேளு. செவ்வாய்க்கிழமை நீ கிளம்பிடு. நீ மாட்டாம அந்தப் படங்களை யார் மாட்டுவா? நான் புதன்கிழமை போய் வாங்கிட்டு வந்து போன் பண்றேன்." "நீ பேசாம இரு. சுண்டுவிரல் ஆடுது." அது ஆடத்தான் செய்தது. அவனால் நிறுத்த முடியவில்லை. அவள் அது ஆடுகிறபடியே பார்த்துக்கொண்டு, ஆட்டத்தோடு சேர்த்து இழுத்துக்கொண்டு போனாள்.

"படம் போகட்டும்," என்றாள் கடைசியில். "செவ்வாய்க்கிழமை படம் மட்டும் வேன்ல போகட்டும். அங்க இருக்கற பசங்க மாட்டுவாங்க. கோணலா மாட்டுவாங்க, மாட்டட்டும். புதன்கிழமை ரெண்டு பேரும் தஞ்சாவூர். அந்தப் பேப்பர்ல என்ன எழுதியிருந்தாலும் சரி, மடிச்சுப் பையில வெச்சுக்கிட்டு, அங்கேருந்தே சென்னைக்கு பஸ் ஏர்றோம். வெள்ளிக்கிழமை நீ முன்னாடி வந்து நிக்கறே, என் படத்தைப் பத்தி யாராவது தப்பா பேசினா சண்டை போடறே." "என்ன எழுதியிருந்தாலுமா?" "என்ன எழுதியிருந்தாலும். மிச்சத்தைச் சனிக்கிழமை காலையில பாத்துக்கலாம்." இத்தனை நாள் அவளுக்கு இரண்டே வழிதான் இருப்பதாக நினைத்து, அதில் ஒன்றை அடைக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தான். "முடிஞ்சுது," என்றாள். அவள் கண் அவன் கையை விட்டது, அப்படியே நிமிர்ந்து முதல் தடவையாக அவன் கண்ணைப் பார்த்தது, அவன் எழுந்து வந்தான், இரண்டு பேரும் குனிந்தார்கள். தாளில் நெற்றி இருந்தது. காது இருந்தது, நெற்றியை விடப் பெரியதாக. மூக்கு இல்லவே இல்லை. மேல் பட்டனின் நாலு ஓட்டைகளும் இருந்தன. தோள் சரிந்து, கை நீண்டு, முழங்கையோடு தாள் முடிந்துபோயிருந்தது. கோடு முடியவில்லை. கீழ்க் கிளிப்பை உரசிக்கொண்டு பலகைக்கு இறங்கி, பலகையின் மரத்தில் மணிக்கட்டாகி, பலகையும் தீர்ந்து நைட்டியில் இறங்கியிருந்தது. வெளிர்மஞ்சள் துணியில், அவள் மடியில், கறுப்பு மையில் அவன் கை. நரம்பு, நகம், ஆடுகிற சுண்டுவிரல் எல்லாம். "ஐயோ மங்கை, இது போகாத மைடி," என்றான். "தாள் தீந்துபோச்சுன்னு தெரியும்டா. தொடையில குறுகுறுங்குது, தெரியாதா? நிறுத்த மனசு வரலை," என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறாக மாறியது. அவன் முக்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். அவள் குலுங்கக் குலுங்க, அந்தக் கை மட்டும் மடியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.